டின்டாஜல்: ஆர்தர் கோட்டையைப் பார்க்கக் கார்ன்வால்வரை போவது தகுமா?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து கோடைக்கு இங்கே வருகிறார்கள். நாங்கள் இருப்பது ரெடிங்கில். லண்டன், விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாம் பட்டியலில் உண்டு. அவற்றைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் வடகரையில் இருக்கும் டின்டாஜலைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் வீட்டில் வழக்கு நடக்கிறது.

அப்பா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். "கதைகளில் வரும் ஆர்தர் மன்னன் பிறந்த கோட்டை கடலோரக் குன்றில் இன்னும் நிற்கிறதாமே, அதைக் காட்டுவாயா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அவர் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. என் மனைவியோ, ஏறத்தாழ நான்கு மணி நேரம் கார் ஓட்டிப்போய் இடிந்த சுவரைப் பார்க்க வேண்டுமா என்கிறாள். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. சமதரையில் நடப்பார், படி என்றால் முகம் மாறிவிடும்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? படிகள் எப்படி? அங்கே பார்க்க உண்மையில் என்னதான் இருக்கிறது?

நடைப்பித்தன் எழுதியது:

ஒரே நாளில் வேண்டாம். போக நான்கு, வர நான்கு என்று எட்டு மணி நேரம் காரில் உட்கார்ந்தால் மூட்டுவலிக்காரருக்கு அதுவே தண்டனை. ஓர் இரவாவது தங்குங்கள். டின்டாஜலில் தங்க விருப்பமில்லை என்றால் பக்கத்திலேயே பாஸ்கேசில் என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 16 அன்று மலை வெள்ளம் வந்து கார்களைக் கடலுக்குள் அடித்துக்கொண்டு போனதே, அந்த ஊர்தான். அவ்வளவு பெரிய வெள்ளத்திலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஹெலிகாப்டரில் கூரைகளிலிருந்து ஆட்களைத் தூக்கினார்கள்.

இனி கோட்டைக்கு வருகிறேன். முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். கோட்டை இரண்டு துண்டாக இருக்கிறது. ஒரு பாதி கரையில், மறுபாதி கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் பாறை முனையில். அந்த முனையை எல்லாரும் 'தீவு' என்றே சொல்வார்கள். ஒரு காலத்தில் இரண்டையும் இணைத்த ஒடுக்கமான நிலமுதுகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து விழுந்துவிட்டது. அதனால் பல காலம் கீழே பள்ளத்துக்கு இறங்கி, மறுபக்கம் செங்குத்தான படிகளில் ஏற வேண்டியிருந்தது. உச்சிக்காலத்தில் அந்தப் படிகளில் வரிசை கட்டி நிற்பார்கள்.

2019 ஆகஸ்டில் நடைபாலம் திறந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரம், நீளம் ஏறத்தாழ 70 மீட்டர். ஆகவே உங்கள் அம்மாவுக்குப் பழைய படிகள் தேவையில்லை. ஆனால் ஊரிலிருந்து கோட்டைக்கு இறங்கும் சாலை கடும் சரிவு. இறங்கும்போது தெரியாது, திரும்பி ஏறும்போதுதான் தெரியும். பருவகாலத்தில் அந்தச் சாலையில் லேண்ட்ரோவர் வண்டி ஓடும், சிறு கட்டணம். இன்னொரு வழியும் உண்டு. ஊருக்கு மேற்கே குன்றின்மேல் புனித மெட்டீரியானா தேவாலயம் தனியாக நிற்கிறது. அங்கே காரை நிறுத்திவிட்டுக் கரையோர நடைபாதை வழியாக வந்தால் பள்ளத்தாக்கில் இறங்காமலே பாலத்தின் பக்கம் சேர்ந்துவிடலாம். நான் எப்போதும் அப்படித்தான் போவேன்.

பாலத்துக்கு அப்பால் தீவின்மேல் கரடுமுரடான தரையும் சில படிகளும் இருக்கின்றன. அம்மா பாலத்தைக் கடந்து, கூடத்தின் இடிபாட்டருகே உட்கார்ந்துகொள்ளட்டும். நீங்களும் அப்பாவும் மேலே சுற்றிவிட்டு வாருங்கள்.

சந்தேகராமன் எழுதியது:

வைகைக்கரையானுக்கு, உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

ஆர்தர் என்ற அரசன் இருந்ததற்குச் சான்று இல்லை. இருந்திருந்தாலும் அவன் டின்டாஜலில் பிறந்ததற்குச் சான்று இல்லை. இப்போது நிற்கும் கோட்டை, ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 700 ஆண்டுகளுக்குப் பின் கட்டப்பட்டது. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

ஊருக்குள் போனால் இன்னும் வேடிக்கை. எந்தக் கடையைப் பார்த்தாலும் ஆர்தர் கதையின் மந்திரவாதி மெர்லின், வாள், டிராகன், மந்திரக்கோல். 'ஆர்தர்' என்ற சொல் இல்லாத பெயர்ப்பலகையைத் தேடிப்பிடிக்க வேண்டும். அந்த ஊருக்கே டின்டாஜல் என்று பெயர் கிடையாது. பாறை முனைக்கும் அந்தத் தேவாலயப் பங்குக்கும்தான் அந்தப் பெயர். ஊரின் பெயர் டிரெவெனா. 1900 வாக்கில் தபால் துறை தன் வசதிக்காக மாற்றிவிட்டது. பெயர்கூடச் சொந்தமில்லாத ஊர்.

கல்லெழுத்துக்காரி எழுதியது:

சந்தேகராமன் அடுக்கிய மூன்றும் சரி. அவற்றிலிருந்து அவர் வந்த முடிவுதான் தவறு. (என் வேலையும் படிப்பும் இந்தத் துறை என்பதால் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கதை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். மான்மத் ஊரைச் சேர்ந்த ஜெஃப்ரி என்ற பாதிரியார் 1136ஐ ஒட்டி இலத்தீனில் பிரித்தானிய அரசர்களின் வரலாறு என்று ஒன்றை எழுதுகிறார். வரலாறு பாதி, கற்பனை மீதி. அதில் உதர் பென்டிராகன் என்ற மன்னன், கார்ன்வால் பிரபு கோர்லாய்ஸின் மனைவி இக்ரேன்மீது ஆசைப்படுகிறான். கோர்லாய்ஸ் அவளை டின்டாஜலில் பாதுகாப்பாக வைத்துவிட்டு வேறு கோட்டையில் போருக்கு நிற்கிறான். மூன்று வீரர்கள் வாயிலில் நின்றால் போதும், நாடே திரண்டு வந்தாலும் உள்ளே நுழைய முடியாது என்கிறது அந்த நூல். மெர்லின் மந்திரத்தால் உதரைக் கோர்லாய்ஸின் உருவத்துக்கு மாற்றி உள்ளே அனுப்புகிறார். ஆர்தர் கருவில் உருவாகிறான். அகலிகை கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

இங்கே கவனியுங்கள். ஜெஃப்ரி எழுதும்போது இப்போது நாம் பார்க்கும் கோட்டை இல்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1233இல், கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் அந்த இடத்தைக் கேட்டு வாங்குகிறார். மூன்றாம் ஹென்றி மன்னரின் தம்பி; ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்; 1257இல் ஜெர்மானியர்களின் அரசராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் எதற்காக இந்த ஒதுக்குப்புறத்தில் கோட்டை கட்ட வேண்டும்? போர்க்கண்ணோடு பார்த்தால் அந்த இடத்தால் ஒரு பயனும் இல்லை. காவல் காக்க வேண்டிய பெருவழியோ துறைமுகமோ அங்கே கிடையாது. கட்டிய முறையும் அந்தக் காலத்துக்குப் பழைய பாணி, வேண்டுமென்றே பழையதாகத் தோன்றும்படி. ஆர்தர் கதையைத் தன் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்வதற்காகவே ரிச்சர்ட் அதைக் கட்டினார் என்பதுதான் இன்று பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். கட்டிய பிறகு அவர் அங்கே தங்கியதாகவும் பெரிதாகத் தெரியவில்லை. நூறாண்டு ஆவதற்குள், 1330களில், கூடத்தின் கூரையைக் கழற்றிவிட்டார்கள்.

ஆகவே கோட்டையிலிருந்து கதை பிறக்கவில்லை. கதைதான் கோட்டையைக் கட்டவைத்தது. "போலி" என்று சந்தேகராமன் ஒதுக்குவது 800 ஆண்டுப் பழைய போலி. எனக்கு அதுவே போதும், நுழைவுச்சீட்டு வாங்கிவிடுவேன்.

ஆனால் இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், அடுப்பில் குழம்பு.

சந்தேகராமன் எழுதியது:

800 ஆண்டாக ஏமாற்றினால் அது பாரம்பரியம், எட்டு ஆண்டு ஏமாற்றினால் மோசடி. நல்ல கணக்கு அம்மா.

யாழ்வாசி எழுதியது:

குழம்பு முடியும்வரை நான் கொஞ்சம் எழுதுகிறேன். நாங்கள் லண்டனிலிருந்து பிள்ளைகளோடு போனோம். பெரியவர்களுக்குக் கோட்டை என்றால் பிள்ளைகளுக்குக் குகைதான். தீவின் அடியில், கடற்கரை மட்டத்தில், மெர்லின் குகை இருக்கிறது. பாறையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கடலைப் பார்க்கலாம், ஊடாகவே போகிறது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும்தான் உள்ளே போகலாம். ஏறுகிற நேரத்தில் அந்தச் சிறு கடற்கரையே காணாமற்போய்விடும். ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். நாங்கள் போன அன்று ஒரு குடும்பம் நேரம் பார்க்காமல் வந்து, மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அழ அழத் திரும்பிப் போனது.

குகைக்குப் போகும் வழியில் பாறையில் மெர்லினின் முகம் செதுக்கியிருக்கிறது. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஓர் ஆளின் முகம் அளவுதான். கண்ணை மூடிக்கொண்டு பாறைக்குள்ளிருந்து வெளியே வரப் பார்ப்பது போல இருக்கும். என் சின்ன மகள் அதற்கு மூக்கைத் தடவிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அந்தக் குகைக்குள் சத்தம் ஒரு மாதிரி. வெளியே அலை அடித்து அரை நொடி கழித்துக் காலுக்குக் கீழே முழங்கும். தரையெல்லாம் உருண்டைக் கற்கள், ஈரம், வழுக்கும். மூட்டுவலிக்காரருக்கு ஆகாது.

மணிமுத்தாறு எழுதியது:

கல்லெழுத்துக்காரி அவர்களுக்கு வணக்கம். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான், நெல்லைக்காரன். டின்டாஜலில் மத்தியதரைக்கடல் பானையோடுகள் ஏராளமாகக் கிடைத்ததாக எங்கோ படித்த நினைவு. நம் அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடிகளின் காலத்தோடு அவை ஒத்துப்போகுமா? விளக்கினால் நன்றாக இருக்கும்.

கல்லெழுத்துக்காரி எழுதியது:

ஐயா, நான் எழுத வந்ததே அதைத்தான். காலம் ஒத்துப்போகாது. அரிக்கமேட்டின் செழிப்பு கிறிஸ்துவுக்கு முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளில். டின்டாஜல் ஓடுகள் அதற்கு நெடுங்காலம் பிந்தியவை, 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 7ஆம் நூற்றாண்டுவரை. அதாவது ரோமானியர்கள் பிரித்தானியாவைக் கைவிட்டுப் போன பிறகு.

வியப்பே அதில்தான் இருக்கிறது. ரோமானியர் போனதும் பிரித்தானியா இருண்டுவிட்டது, நகரங்கள் பாழாயின, நாணயம் போயிற்று என்று படித்திருப்போம். அதே காலத்தில் இந்தப் பாறையில் யாரோ துருக்கியின் மேற்குக் கரையில் செய்த செந்நிறத் தட்டுகளில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஏஜியன் பகுதியிலிருந்து வந்த சாடிகளில் மதுவும் எண்ணெயும் வைத்திருந்திருக்கிறார்கள். வட ஆப்பிரிக்கப் பாத்திரங்களும் உண்டு. அக்காலத்துக்குரிய மத்தியதரைக்கடல் ஓடுகள் பிரித்தானியாவில் வேறு எந்த இடத்திலும் இத்தனை கிடைக்கவில்லை. பதிலுக்கு இங்கிருந்து போனது பெரும்பாலும் கார்ன்வாலின் வெள்ளீயமாக இருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து.

1930களில் ராலி ராட்ஃபோர்டு என்ற தொல்லியலாளர் தோண்டினார். சிறு சிறு அறைகளின் அடித்தளம் கிடைத்ததும் இது துறவிகள் வாழ்ந்த மடம் என்று முடிவு கட்டினார். அரை நூற்றாண்டு அதுவே பாடம். பிறகு 1983இல் தீவின் மேலே புல் தீப்பிடித்தது. தீ அணைந்து பார்த்தால், கருகிய தரையில் அதுவரை யார் கண்ணிலும் படாத கட்டடங்களின் கோடுகள் ஏராளமாகத் தெரிந்தன. துறவிகளுக்கு இத்தனை வீடுகளும் இத்தனை மதுச்சாடிகளும் எதற்கு? மடக் கொள்கை அத்தோடு ஆட்டம் கண்டது. இன்று, இது டும்னோனியா என்ற தென்மேற்குப் பிரித்தானிய அரசின் ஆட்சியாளர்கள் வந்து தங்கிய இடம் என்றே கொள்கிறார்கள். 2016, 2017இல் நடந்த அகழாய்வில் ஒரு மீட்டர் கனமுள்ள சுவர்களும், பன்றி எலும்பும், சிப்பி ஓடும், காட் மீனின் மிச்சமும் கிடைத்தன. விருந்து நடந்திருக்கிறது.

எழுத்தும் உண்டு. 1998இல் ஒரு சிலேட்டுப் பலகைக்கல் கிடைத்தது, 6ஆம் நூற்றாண்டு. அதைப் பிற்காலத்தில் வடிகால் மூடியாகப் பயன்படுத்தியிருந்தார்கள். இலத்தீன் எழுத்தில் 'ஆர்டோக்னூ' என்ற பெயர் கீறியிருந்தது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், 'ஆர்தர் கல்' என்று தலைப்பு போட்டார்கள். ஆர்தர் வேறு, ஆர்டோக்னூ வேறு. அந்தக் கல்லுக்கும் ஆர்தருக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒன்று: யாருமில்லாத பாறை என்று நினைத்த இடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கல் இப்போது ட்ரூரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சந்தேகராமன், ஜெஃப்ரி தன் கதைக்கு ஏன் இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசியுங்கள். அவர் காலத்தில் இங்கே கோட்டை இல்லை, ஆனால் அரசர்கள் இருந்த இடம் என்ற நினைவு ஊர்வாயில் மிஞ்சியிருக்கலாம். இதை நிரூபிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

மணிமுத்தாறு எழுதியது:

நன்றி அம்மா. மடம் என்று எழுதிவைத்ததை ஒரு புல்தீ மாற்றியது என்பதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியதும், அவர் அது ரோமானியரின் வணிகநிலையம் என்று சொன்னதும், பிறகு வந்தவர்கள் ரோமானியருக்கு முன்பே உள்ளூர் மக்கள் அங்கே வாழ்ந்ததை எடுத்துக் காட்டியதும் நினைவுக்கு வந்தன. தோண்டுகிறவர் எதைத் தேடி வந்தாரோ அதுதான் முதலில் கண்ணில் படும் போலும்.

சந்தேகராமன் எழுதியது:

கல்லெழுத்துக்காரி எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். இந்த ஓடுகள், விருந்து, சிலேட்டு எழுத்து எல்லாம் உண்மை, சுவையானவை. அப்படியானால் பார்வையாளருக்கு முதலில் அதைக் காட்டாமல் பாறையில் மெர்லின் முகத்தை ஏன் செதுக்க வேண்டும்? 2016இல் செதுக்கினார்கள். பழங்காலச் சிற்பம் அல்ல, நேற்றைய வேலை. தொல்லியல் சின்னத்தின் பக்கத்திலேயே இயற்கைப் பாறையில் உளி வைக்க, கோட்டையைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்புக்கு எப்படி மனம் வந்தது? உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களே அப்போது எதிர்த்தார்கள். நான் மட்டும் புலம்பவில்லை.

என் வாதத்தை யாரும் திரிக்க வேண்டாம். பொய்க்கதை இருக்கட்டும், ரிச்சர்ட் கட்டியதும் இருக்கட்டும். பொறுப்பில் இருக்கும் நிறுவனமே புதிதாகப் பொய் சேர்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கார்ன்வால்வாசி எழுதியது:

நான் பல ஆண்டுகளாகக் கார்ன்வாலில் செவிலியர் வேலை பார்க்கிறேன். சந்தேகராமன் அண்ணா சொல்லும் எதிர்ப்பு உண்மைதான், ஆனால் அதன் வேர் வேறு.

இங்கே பலர் தங்களை ஆங்கிலேயர் என்று சொல்லிக்கொள்வதில்லை, கார்னிஷ்காரர் என்பார்கள். அவர்களுக்கென்று மொழி இருக்கிறது. வழக்கொழிந்து போனதை மீட்டெடுத்துப் படிக்கிறார்கள். 2014இல் பிரித்தானிய அரசு கார்னிஷ் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக ஏற்றது. அதற்கு முன்பே, 2000ஐ ஒட்டி, ஒரு குழு கார்ன்வாலின் பழைய சின்னங்களில் இருந்த 'இங்கிலீஷ் ஹெரிடேஜ்' பெயர்ப்பலகைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் கோட்டையில் 'இங்கிலீஷ்' என்று எப்படி எழுதலாம் என்பதுதான் கேள்வி. வழக்கு ட்ரூரோ நீதிமன்றம்வரை போயிற்று.

ஆகவே மெர்லின் முகத்தை எதிர்த்தவர்களில் பலருக்குக் கவலை, எங்கள் வரலாற்றை எடுத்துவிட்டு ஆங்கிலேயரின் தேவதைக் கதையை வைக்கிறார்களே என்பது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கதைப்படி ஆர்தர் பிரித்தானியர், வந்தேறிய சாக்சன்களை எதிர்த்தவர். ஆங்கிலேயரின் முன்னோர் அந்தச் சாக்சன்கள்தான்.

ஆனால் மேலே தீவின் முனையில் நிற்கும் வெண்கலச் சிலையைப் பற்றி யாரும் பேசவில்லையே? எட்டடி உயரம், முடி சூடிய உருவம், வாளை ஊன்றி நிற்கிறது. அங்கியும் உடம்பும் முழுமையாக இல்லாமல் கிழிசல் கிழிசலாக வார்த்திருக்கிறார்கள். முன்னால் நின்றால் அரசன், ஓரடி நகர்ந்தால் அவன் நெஞ்சுக்குள் கடல் தெரியும். இதுவும் 2016தான். அதைச் செய்த சிற்பி ரூபின் ஐனன். சிலைக்கு ஆர்தர் என்று பெயர் வைக்கவில்லை, 'காலோஸ்' என்று கார்னிஷ் மொழியில் பெயர். அது எனக்குப் பிடித்திருக்கிறது. மெர்லின் முகம் இல்லாவிட்டாலும் குறையில்லை.

யாழ்வாசி எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. அந்தச் சிலையோடு படம் எடுக்க நல்ல வரிசை நிற்கும். காற்று அடித்தால் படத்தில் எல்லாருக்கும் தலைமுடிதான் தெரியும்.

பாலத்தைப் பற்றியும் ஒரு சொல். அதை இரண்டு கரையிலிருந்தும் தனித்தனியாக நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இரண்டும் ஒட்டவில்லை. நாலு சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். குனிந்தால் கீழே தெரியும். கரைக்கும் தீவுக்கும், இன்றைக்கும் அன்றைக்கும் நடுவில் உள்ள கோடு என்று விளக்கம் சொல்கிறார்கள். நான் விளக்கத்தைப் படிக்கவில்லை, மனுசி கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். தரையில் சிலேட்டுக் கற்களைப் படுக்க வைக்காமல், புத்தக அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி நிறுத்தி அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்து டெலபோல் சுரங்கத்துச் சிலேட்டு. உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடலாம்.

நடைப்பித்தன் எழுதியது:

பாலத்தைப் பற்றி முக்கியமான ஒன்று: காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். புறப்படும் அன்று காலை இணையத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். டிக்கெட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இங்கிலீஷ் ஹெரிடேஜின் ஆண்டு உறுப்பினர் அட்டை எடுத்தால் ஸ்டோன்ஹெஞ்சுக்கும் அதுவே போதும் என்பதால், நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் பார்ப்பது நல்லது.

ரயிலில் வரலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். டின்டாஜலுக்கு ரயில் எப்போதும் வந்ததில்லை. வரும் வரும் என்று நம்பி 1890களில் குன்றின்மேல் பெரிய ஹோட்டல் ஒன்றைக் கட்டத் தொடங்கி 1899இல் திறந்தார்கள். இன்றும் கோட்டைக்கு எதிரே அது நிற்கிறது, நீங்கள் பார்க்காமல் தப்ப முடியாது. ஐந்து மைல் அளவில் கேமல்ஃபர்ட் வரை வந்திருந்த தண்டவாளத்தையும் 1966இல் மூடிவிட்டார்கள். இப்போது பாட்மின் பார்க்வே அல்லது எக்ஸிட்டரில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். பெரியவர்களோடு வேண்டாம், கார்தான்.

அந்த ஹோட்டல் விஷயத்தில் ஒரு நன்மை நடந்தது. இப்படியே விட்டால் கரை முழுவதும் கட்டடமாகிவிடும் என்று பயந்தவர்கள் பணம் திரட்டிப் பக்கத்திலிருந்த பாரஸ் நோஸ் முனையை 1897இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு வாங்கிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அந்த அமைப்பு வாங்கிய முதல் கடற்கரை நிலம் அது. கூட்டம் இல்லாமல் கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் அந்த முனைக்குப் போய்த் திரும்பி நில்லுங்கள். பாலம், தீவு, குகை வாய் எல்லாம் ஒரே பார்வையில். டிக்கெட்டும் இல்லை. (சந்தேகராமன் கவனிக்கவும்.)

சந்தேகராமன் எழுதியது:

கவனித்தேன். இந்த இழையில் முதல் உருப்படியான யோசனை.

வைகைக்கரையான் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கல்லெழுத்துக்காரி எழுதியதை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்: 'டிரிஸ்டன் – இசோல்ட் கதையில் வரும் மார்க் மன்னனின் கோட்டையும் இதுதானா? ஊரில் வேறு என்ன பழைய கட்டடம்?' என் கேள்வி: இருவரும் சைவம். அங்கே என்ன கிடைக்கும்?

கல்லெழுத்துக்காரி எழுதியது:

ஆம், மார்க் மன்னனின் இருப்பிடமாகவும் டின்டாஜலைத்தான் பழைய பாடல்கள் சொல்கின்றன. அந்தக் கதை நினைவாகத் தீவின் மேலே, பழைய தோட்டம் இருந்த சிறு சுற்றுச்சுவருக்குள், வாசகங்கள் வைத்திருக்கிறார்கள். அப்பாவை அங்கே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

கட்டடம் என்றால் முதலில் பழைய தபால் நிலையம். 14ஆம் நூற்றாண்டு வீடு. சிலேட்டுக் கூரை பாரம் தாங்காமல் அலையலையாக வளைந்து கிடக்கிறது. அந்த வளைவைப் பார்த்தால் இன்றைக்கே விழுந்துவிடும் போல இருக்கும். 1903 முதல் நேஷனல் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. அடுத்து, கார் நிறுத்தப்போகும் மெட்டீரியானா தேவாலயம். உள்ளே லிசினியஸ் பேரரசர் பெயர் பொறித்த ரோமானிய மைல்கல் ஒன்று சும்மா நிற்கிறது. 324க்கு முந்தியது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட அந்தக் கதவைத் திறப்பதில்லை என்பது என் எண்ணம்.

கார்ன்வால்வாசி எழுதியது:

சைவத்துக்குக் கவலை வேண்டாம். கார்னிஷ் பேஸ்டி என்றால் முறைப்படி மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப் போன்ற ஸ்வீட் (swede) என்ற கிழங்கு, வெங்காயம். ஆனால் எல்லாக் கடையிலும் சீஸ்–வெங்காயப் பேஸ்டி இருக்கும். மாவில் விலங்குக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், சில கடைகளில் சேர்ப்பார்கள். மாலையில் ஸ்கோன், ஜாம், கெட்டியான கிரீம். இங்கே ஜாமை முதலில் தடவி அதன்மேல் கிரீம் வைக்க வேண்டும். பக்கத்து டெவனில் தலைகீழ். கடைக்காரர் முன்னால் டெவன் முறையில் தடவிவிடாதீர்கள், முறைப்பார்கள்.

ஊர் நடுவில் கிங் ஆர்தர் கிரேட் ஹால்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கஸ்டர்ட் தூள் விற்றுப் பணக்காரரான கிளாஸ்காக் என்பவர் 1930களில் கட்டியது. கல் சிம்மாசனம், வட்ட மேசை என்று சந்தேகராமன் அண்ணாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் எல்லாமே உண்டு. ஆனால் வெரோனிகா வால் என்ற பெண்மணி செய்த 72 வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கின்றன, அவற்றுக்காகப் போகலாம். படிகள் குறைவு, அம்மா உட்கார்ந்து பார்க்கலாம், மழைக்கும் ஒதுங்கலாம்.

இன்னொன்று. குன்றோரம் கருப்பு உடலும் சிவப்பு மூக்கும் சிவப்புக் காலும் கொண்ட காக்கை இனப் பறவை தென்பட்டால் அப்பாவுக்குக் காட்டுங்கள். பெயர் சஃப். ஆர்தர் சாகவில்லை, இந்தப் பறவையாகிவிட்டார் என்று இங்கே சொல்வார்கள். கார்ன்வாலிலிருந்து அற்றுப்போயிருந்த பறவை 2001இல் தானாகவே திரும்பி வந்தது.

சந்தேகராமன் எழுதியது:

பறவையை நம்புகிறேன்.

கஸ்டர்ட் பிரபுவைப் பற்றியும் தெரியும். அவர் தன் பணத்தில், தன் நிலத்தில், இது நான் கட்டியது என்று சொல்லிவிட்டே கட்டினார். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ரிச்சர்ட் பிரபுவும் அப்படிச் சொல்லிவிட்டுக் கட்டியிருந்தால் கல்லெழுத்துக்காரியோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்காது.

கல்லெழுத்துக்காரி எழுதியது:

அவர் சொல்லாமல் கட்டியதால்தான் எனக்கு வேலை கிடைத்தது அண்ணா.

நடைப்பித்தன் எழுதியது:

வைகைக்கரையான், கடைசியாக நேரக்கணக்கு. முதல் நாள் மதியம் பாஸ்கேசிலில் இறங்கித் துறைமுகத்தில் மெதுவாக நடங்கள், சமதரைதான். மறுநாள் கோட்டை திறந்ததும் உள்ளே இருங்கள், பதினொரு மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். குகைக்கு ஓதம் ஒத்துவந்தால் நீங்களும் அப்பாவும் மட்டும். மூடுபனி இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம், மேலே ஒன்றும் தெரியாது. தேவாலயத்தையும் தபால் நிலையத்தையும் முதலில் முடித்துவிட்டுப் பிற்பகலில் போங்கள், பல நாள் அதற்குள் விலகிவிடும். ஜூலையாக இருந்தாலும் அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் சால்வையும் கட்டாயம்.